சுவரைப் பூசுமுன் தண்ணீரைத் தேடுங்கள்



இம்மாதம் முந்தலில் இருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய வீட்டின் தென்மேற்கு மூலையில் யன்னல் விளிம்பில் தொடங்கி, கல்லுக்குக் கல் படிபோல ஏறி, கூரை வரை ஒரு வெடிப்பு. கீழே மயிர் போல மெல்லியது; மேலே ஓகஸ்ட், செப்டெம்பரில் ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் அளவு. நவம்பர் மழை பெய்ததும் தானாகவே மூடிக்கொள்கிறதாம். மூன்று வருடத்தில் மூன்று தடவை மேசனை அழைத்துச் சீமெந்து பூசியாயிற்று. ஒவ்வொரு தடவையும் பூச்சுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று வெடிக்கிறது. இத்துடன் குசினிச் சுவரின் அடியில் வெள்ளைத் தூள் பூத்துப் பூச்சு உதிர்கிறது.

"இப்போது மூலையை இடித்து, கொங்கிரீட் தூண் வைத்துக் கட்ட வேண்டும் என்கிறார்கள். பெருநாளைக்குப் பிறகு மகளின் நிகாஹ். அவளுக்கென்று வைத்த காப்பை அடகு வைத்தால் வட்டியில் விழ வேண்டும். பக்கத்து வீட்டு மாமி கண்ணூறு என்கிறார். எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

சகோதரியே, முதலில் காப்பை அலுமாரிக்குள் வையுங்கள். கண்ணூறு உண்மைதான் என்றாலும், உங்கள் வெடிப்பின் காரணம் உங்கள் காலடியில் இருக்கிறது. கடிதத்தில் உள்ளபடிதான் நிலைமை என்றால் இடிக்க வேண்டிய சுவர் அல்ல அது.

புத்தளம் மாவட்டத்தின் மண் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. கற்பிட்டிப் பக்கம் மணல். முந்தல் களப்பைச் சுற்றிய தாழ்ந்த காணிகளிலோ பல இடங்களில் உப்புக் கலந்த களிமண். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்து புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லுப் பிரிவுகளில் குடியேறிய நம் மக்களில் மன்னார்ப் பக்கத்து உம்மாமாருக்குக் களிமண் புதிதல்ல. முருங்கனின் கரிய களியை மிதித்தவர்கள் அவர்கள். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கே மூலப்பொருளாக ரயிலில் போன மண் அது.

உங்கள் காணி என்ன மண் என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு பிடி மண்ணை நனைத்து உள்ளங்கையில் பென்சில் தடிப்புக்கு உருட்டுங்கள். உடையாமல் வளைந்தால் களி. கோடையில் முற்றம் பாளம் பாளமாகப் பிளந்தாலும் அதுவே அடையாளம்.

களிமண் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். ரொட்டி மாவைக் குழைத்து நடுவில் மட்டும் ஒரு தட்டால் மூடி வைத்துப் பாருங்கள். ஓரம் காய்ந்து சுருங்கும். தட்டின் கீழ் ஈரம் நிற்கும். உங்கள் வீட்டுத் தரைதான் அந்தத் தட்டு. மே முதல் செப்டெம்பர் வரை மழை குறைந்து, தென்மேல் காற்றும் பின்னேர வெயிலும் அந்த மூலையைத்தான் அடிக்கின்றன. அங்கே மண் சுருங்கி அத்திவாரம் சற்றுத் தாழ்கிறது. மூலை கீழே இறங்குவதால் வெடிப்பு மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருக்கிறது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெருமழை. மண் வீங்கி மூலையைத் தூக்குகிறது, வெடிப்பு மூடுகிறது.

இது நமக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. தமிழ்நாட்டின் கரிசல் பூமியிலும் இதே கதைதான். 1976இல் இங்கிலாந்தில் மழை பொய்த்தபோது லண்டனைச் சுற்றிய களிமண் சுருங்கி எத்தனையோ வீடுகளின் சுவர்கள் வெடித்தன.

மூன்று பூச்சும் ஏன் நிற்கவில்லை என்பது இப்போது விளங்கும். விரிந்திருந்த மாதத்தில் கல்போன்ற சீமெந்தை உள்ளே அடைத்தீர்கள். மழையில் சுவர் தன் இடத்துக்குத் திரும்ப வந்தபோது அங்கே இடமில்லை. எனவே பக்கத்தில் இருந்த பலவீனமான கல் உடைந்தது. நோய் மண்ணில்; மருந்தைச் சுவரில் பூசினோம்.

செய்ய வேண்டியதை ஒழுங்காகச் சொல்கிறேன். காசு செலவாகாதது முதலில்.

முதல் வேலை, ஒரு கொப்பி. வெடிப்பு முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். வெடிப்பின் இரு பக்கமும் ஒரு புள்ளி வைத்து, இரண்டுக்கும் இடையிலான தூரத்தை அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் அளந்து மாதம் ஒருமுறை குறியுங்கள். ஒரு கோடையும் ஒரு மாரியும் கடக்கட்டும். விரிந்து மூடி ஒரே எல்லைக்குள் நின்றால் அது மண்ணின் மூச்சு. ஒவ்வொரு வருடமும் கூடிக்கொண்டே போனால் அத்திவாரம் தொடர்ந்து இறங்குகிறது. ஆண்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் வீடுகளில் இதைப் பார்க்கக்கூடிய கண் உங்களுடையதுதான். மேசன் ஒரு நாள் வந்து பார்ப்பதை விட உங்கள் கொப்பி அதிகம் சொல்லும்.

அளவுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1 மில்லிமீற்றருக்குள் என்றால் சுண்ணாம்பு அடிக்கும்போது மறையும். 5 வரை என்றால் சிறு பழுது. உங்களுடையது 3க்குள் என்று தெரிகிறது. 5க்கு மேல் போனால் அனுபவமுள்ளவரைக் காட்ட வேண்டும். 15க்கு மேல், அதாவது விரல் நுழையும் அளவு என்றாலோ, சுவர் சாய்ந்து அல்லது பிதுங்கி நின்றாலோ, வாரத்துக்கு வாரம் வளர்ந்தாலோ தாமதிக்க வேண்டாம். அந்த அறையில் பிள்ளைகளைப் படுக்க விடாதீர்கள். பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். 1984இல் தொடங்கப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் இத்தகைய பாதுகாப்பு விடயங்களுக்கென்றே இருக்கிறது.

இரண்டாவது வேலை, தண்ணீர். வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். வுழூச் செய்யும் குழாய் எந்தச் சுவரின் அடியில்? ஐந்து வேளையும் வீட்டில் ஆறு பேர் வுழூச் செய்தால் அந்த மண் காயவே காயாது. உடுப்புத் துவைக்கும் கல் எங்கே? குசினித் தண்ணீர் எங்கே போகிறது? கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? ஒரு பக்கம் வருடம் முழுவதும் ஊறிக்கிடக்க, மறுபக்கம் காய்ந்து பிளந்தால் நடுவில் நிற்கும் வீடு என்ன செய்யும்? ஈரத்தை விட, ஈரத்தின் ஏற்றத்தாழ்வுதான் கெடுதி.

ஆகவே வுழூத் தண்ணீரைச் சிறு வாய்க்காலாலோ குழாயாலோ சுவரிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி விடுங்கள். வாழை அங்கே நிற்கட்டும், சுவரோரம் வேண்டாம். கூரைக்குப் பீலி போட்டு அந்தத் தண்ணீரையும் அப்படியே தள்ளுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: நம் தண்ணீர் அயலவரின் சுவரடியில் போய் நிற்கக் கூடாது. அயலவரின் உரிமை பற்றி மார்க்கம் நமக்குச் சொன்னதில் இதுவும் அடங்கும். வெடிப்பைப் பார்த்துப் பயந்து, கோடையில் காய்ந்த பிளவுக்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவதும் தவறு. திடீரென வீங்கும் மண் வேறிடத்தில் சுவரை உடைக்கும்.

அடுத்து, காய்கின்ற மூலையைச் சுற்றி ஒரு சீமெந்துத் தளம் போடுங்கள். 3 அடி அகலம், 3 அங்குலத் தடிப்பு, வெளிப்பக்கம் 2 அங்குலம் சரிவு. கீழே தடித்த பொலித்தீன் விரிக்க வேண்டும். சுவரும் தளமும் சேரும் இடைவெளியைத் தாரால் அடைக்க வேண்டும். 20 அடி நீளத்துக்கு 2 அல்லது 3 மூட்டைச் சீமெந்து போதும். 2022 நெருக்கடியில் ஒரு மூட்டை 3000 ரூபாய் அளவுக்கு ஏறியதைப் பார்த்தவர்கள் நாம். என்றாலும் மூலையை இடித்துக் கட்டுவதோடு பார்த்தால் இது சிறு செலவு. மண் மிதமான ஈரத்தில் இருக்கும் ஜனவரி, பெப்ரவரியில் இதைச் செய்யுங்கள். காய்ந்து பிளந்த மண்ணின் மேல் போட்டால் பின்னர் அது வீங்கித் தளத்தையே தூக்கும்.

மூன்றாவது, மரம். பெரிய வேம்பு சுவருக்கு அருகில் நின்றால் கோடையில் அதன் வேர் களியின் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக நடும்போது மரம் வளரக்கூடிய உயரத்தின் அளவு தூரம் தள்ளி நடுவது நல்லது. ஆனால் வீட்டோடு வளர்ந்த பழைய மரத்தை ஒரே நாளில் வெட்டிச் சாய்க்காதீர்கள். அது குடித்த ஈரம் மண்ணில் தங்கி, வருடக்கணக்கில் மண் வீங்கும். கிளைகளைக் கழித்து வருவதே பாதுகாப்பு.

இவ்வளவும் செய்து ஒரு வருடம் கொப்பியைப் பாருங்கள். விரிவு குறைந்து அடங்கிய பிறகே நிரந்தரப் பழுது பார்க்க வேண்டும். உடைந்த கற்களை மட்டும் எடுத்துப் புதுக் கல் வைத்துப் பின்னிக் கட்டலாம். கம்பி வைத்துத் தைப்பதென்றால் துருப்பிடிக்காத எவர்சில்வர்க் கம்பியே வேண்டும். நம் உப்புக் காற்றில் சாதாரண இரும்பு துருப்பிடித்து வீங்கிச் சுவரை உள்ளிருந்தே பிளந்துவிடும்.

சாந்து கடுமையாக இருக்கக் கூடாது. ஒரே வாளியால் அளந்து, சீமெந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 6. சிறிது அசைவைத் தாங்கும் கலவை இது. களப்பு மணலும் கடல் மணலும் வேண்டாம். ஆற்று மணல் வேண்டும். ஒரு கண்ணாடிப் போத்தலில் மணலையும் தண்ணீரையும் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மேலே படியும் சேறு மணலின் பத்தில் ஒரு பங்குக்கு வந்தால் கழுவாமல் பாவிக்க வேண்டாம். குழைப்பதற்கு உவர்க் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, குடிக்கும் தண்ணீர்தான். நண்பகல் வெயிலில் பூச விடாதீர்கள். கல்லை முன்கூட்டி நனைக்கச் சொல்லுங்கள். இறுகத் தொடங்கிய சாந்தில் மீண்டும் தண்ணீர் விட்டுக் குழைத்தால் அதில் பலம் இல்லை. பூசிய இடத்தில் ஈரச்சாக்குப் போட்டு 7 நாள் காயாமல் காப்பது உங்கள் பொறுப்பு.

இனி குசினிச் சுவர். அது வேறு நோய். நிலத்தின் உப்புத்தண்ணீர் கல்லின் நுண்துளை வழியே ஏறி, வெளியே வந்து காய்கிறது. தண்ணீர் போய்விடும்; உப்பு பளிங்காகி வீங்கிப் பூச்சைத் தள்ளும். பாலாவியில் சீமெந்து ஆலை பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, எல்லாவற்றுக்கும் சீமெந்தையே மருந்தாக நினைக்கிறோம். இங்கே சீமெந்து பூசினால் ஈரம் வெளிவர வழியின்றி இன்னும் மேலே ஏறும். பழைய பூச்சை, ஈரக்கறை தெரியும் இடத்துக்கு மேல் ஒன்றரை அடி வரை கொத்தி எடுங்கள். கோடையில் நன்றாகக் காய விட்டு, வரும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி, கூட்டி அள்ளி வெளியே போடுங்கள். கழுவினால் உப்பு மீண்டும் உள்ளே போகும். பின்னர் சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சு. மேலே வெறும் சுண்ணாம்பு. பிளாஸ்ரிக் பெயின்ற் வேண்டாம். சில வருடத்தில் அந்தப் பூச்சு உதிரும், மறுபடி பூசலாம். பூச்சு போனாலும் கல் தப்பும். 1667 முதல் 1676 வரை ஒல்லாந்தர் முருகைக்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டிய கற்பிட்டிக் கோட்டை உப்புக் காற்றில் இன்றும் நிற்கிறதே!

புதுக் காணி வாங்க இருப்பவர்களுக்கும் ஒரு சொல். 1980களிலும் 90களிலும் இக்களப்பைச் சுற்றி இறால் பண்ணைகள் பெருகின. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பல கைவிடப்பட்டன. தூர்த்த இறால் குளத்தில் உப்பும் இருக்கும், இறுகாத மண்ணும் இருக்கும். முன்பு அங்கே என்ன இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு முற்பணம் கொடுங்கள். வீடு கட்டும்போது அத்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாத படை ஒன்று வைக்கவும் மறக்க வேண்டாம்.

முந்தல் சகோதரியே, நிகாஹுக்கு முன் அந்த வெடிப்பைச் சுண்ணாம்பும் மணலும் மட்டும் கலந்த மென்மையான சாந்தால் அடைத்து வெள்ளையடியுங்கள். பின்னர் சுரண்டி எடுக்கலாம், சுவரையும் உடைக்காது. துஆச் செய்ய வருகிறவர்கள் மணமக்களைப் பார்ப்பார்கள், மூலையைப் பார்க்க மாட்டார்கள். மேசனிடம் கோபம் வேண்டாம். பூசச் சொன்னோம், பூசினார். அடுத்த தடவை உங்கள் கொப்பியைக் காட்டி, என்ன வேலை, என்ன கலவை, என்ன கூலி என்பதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கூலியைத் தாமதிக்காமல் கொடுங்கள். இரண்டும் அமானிதம்.

கிடுகுக் கொட்டிலில் இருந்து கல்வீட்டுக்கு வர நம்மில் பலருக்கு எத்தனை வருடம் எடுத்தது என்பது நமக்குத் தெரியும். அந்த வீட்டை அறியாமையால் இடிப்பதும் வீண்விரயம். அதற்காக வட்டியில் விழுவது அதைவிடப் பெரிய இடிவு. காப்பு மகளின் கையிலேயே இருக்கட்டும். வருகிற கோடையில் கொப்பியில் என்ன எழுதினீர்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.

அல்லாஹ் நம் இல்லங்களையும் அவற்றில் வாழ்வோரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.