கூட்டம் வரும்னு தெரியாதா?



ஏப்ரல் 30. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் சொந்த வீடு வெச்சிருக்கிறவங்களுக்கு மனப்பாடமான தேதி. அதுக்குள்ள அரையாண்டு சொத்து வரியைக் கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகை. கடைசி நாளில் கூட்டம் குவியும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்னைக்குப் பார்த்து இணையதளம் சுத்திக்கிட்டே நின்னா? "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க." நாளைக்கு வந்தா ஊக்கத்தொகை போச்சு. எஸ்டேட்டில் ஷிப்ட் பார்க்கிறவருக்கு அரை நாள் சம்பளமும் போச்சு.

சர்வர் டவுன் என்ன, புயல் வெள்ளம் மாதிரி இயற்கைச் சீற்றமா? முன்கூட்டியே சோதித்துத் தவிர்க்கக்கூடிய கோளாறு. அந்தச் சோதனைக்கு 'லோடு டெஸ்டிங்' என்று பெயர். ஆயிரக்கணக்கான போலிப் பயனாளர்களை மென்பொருளால் உருவாக்கித் தளத்துக்குள் அனுப்பி, எத்தனை பேர் வரை தாங்குது, எந்த இடத்தில் திணறுதுன்னு பார்ப்பாங்க. ஜேமீட்டர் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆனா தலைக்கணக்கு மட்டும் போதாது. சோதனைக் கூட்டம் நிஜக் கூட்டம் மாதிரியே நடந்துக்கணும். முகப்புப் பக்கத்தை லட்சம் தடவை திறந்து பார்த்துட்டு 'பாஸ்' போடுறது ஏமாத்து வேலை. நிஜத்தில் மக்கள் என்ன செய்றாங்க? ஓடிபி வரலைன்னா மறுபடி கேட்கிறாங்க. பக்கம் சுத்தினா ரெஃப்ரெஷ் அடிக்கிறாங்க. தளம் திணறத் திணற சுமை இன்னும் ஏறுது. ரயில் தட்கலுக்கு ஏசி வகுப்புன்னா காலை 10 மணி, மத்ததுக்கு 11 மணி. அந்த ஒரே நிமிஷத்தில் மொத்தமா வந்து விழுறாங்க. போன தடவை எந்த மணிக்கு எத்தனை பேர் வந்தாங்க, எந்தப் பக்கத்தில் மாட்டினாங்க என்பதெல்லாம் தளத்தின் பதிவுகளிலேயே இருக்கும். அதை வெச்சுத்தான் சோதனையை அமைக்கணும்.

கண்ட பாடம் போதாதா? 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 வயது நிரம்பியவர்களுக்கு கோவின் தடுப்பூசிப் பதிவு திறந்த உடனேயே தளம் திணறியது. அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1-ல் மருத்துவக் காப்பீட்டுத் தளம் திறந்தது. முதல் நாள் பதிவை முடிக்க முடிந்தவர்கள் வெறும் 6 பேர்!

நம்ம ஆவடி தொழிற்சாலையில் தயாராகும் அர்ஜுன் டாங்கியை ராஜஸ்தான் பாலைவனத்தில் ஓட்டிப் பார்த்தாங்க. வாசலில் ஒரு ரவுண்டு அடிச்சுட்டு ராணுவத்துக்குக் கொடுத்துடலை. மக்கள் பயன்படுத்தும் தளத்துக்கு மட்டும் அந்த அக்கறை வேண்டாமா?

நம் கோரிக்கைகள்:

▪️ கடந்த ஆண்டின் உச்சக் கூட்டத்தைப் போல இரு மடங்கு சுமையில் சோதனை, டெண்டர் நிபந்தனையிலேயே இடம்பெற வேண்டும்.
▪️ சோதனை முடிவைத் தளம் திறக்கும் முன்பே வெளியிட வேண்டும்.
▪️ கடைசி நாளில் தளம் முடங்கினால், காலக்கெடு தானாக நீட்டிக்கப்பட வேண்டும்.

வரி கட்ட மக்கள் தயார். வாங்குறதுக்குத் தளம் தயாரா?