வெளியுறவுப் பணிக்கு முந்திய வக்கீல்

2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் பற்றி உலக நாடுகளுக்கு விளக்க ஏழு எம்.பி. குழுக்கள் வெளிநாடு கிளம்புவதற்குள் இங்கே பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. காங்கிரஸ் கொடுத்த நான்கு பெயர்களில் சசி தரூர் இல்லை. அரசோ அவரையே ஒரு குழுவுக்குத் தலைவராக்கியது. யார் யாரை ஓரங்கட்டினார்கள் என்ற பேச்சு ஒரு பக்கம் ஓடட்டும். ராஜதந்திரம் பயிற்சி பெற்ற அதிகாரிகளின் தொழில், அரசியல்வாதிக்கு அங்கே என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இந்திய வெளியுறவுப் பணியை உருவாக்க முடிவெடுத்த நாள் 1946 அக்டோபர் 9. ஐ.நா. பொருளாதார, சமூக மன்றம் லண்டனில் முதன்முதலாகக் கூடியது அதே ஆண்டு ஜனவரி 23. அதன் முதல் தலைவர் ஆற்காடு ராமசாமி முதலியார். தேதிகளை இன்னொரு முறை பாருங்கள். நமக்கென்று ஒரு வெளியுறவுப் பணி பிறப்பதற்கு எட்டு மாதத்துக்கும் மேல் முன்பாகவே, சென்னையில் வக்கீலாக இருந்த ஒருவர் உலக மன்றத்தின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த மன்றம் கூட்டிய சுகாதார மாநாட்டில்தான் 1946 ஜூலை 22 அன்று 61 நாடுகள் கையெழுத்திட்டு உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம் உருவானது. எந்தப் பயிற்சிக் கல்லூரியில் படித்துவிட்டு இதைச் செய்தார்?

அவர் படித்தது சென்னை சட்டக் கல்லூரியில். பிறகு நீதிக்கட்சி, சட்ட மேலவை, சென்னை மேயர் பதவி, 'ஜஸ்டிஸ்' பத்திரிகை ஆசிரியர் பொறுப்பு. 1934 தேர்தலில் காங்கிரஸின் சத்தியமூர்த்தியிடம் தோற்றார். மேடையில் ஏறி, எதிர்க்கட்சிக்காரனின் வாயை அடைத்து, ஓட்டுக் கேட்டுத் தோற்றுப் பார்த்த மனிதர் அவர். அந்தத் தழும்புகள்தான் அவருடைய பயிற்சி.

நம் உயர் நீதிமன்றத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். ஜூனியர் கட்டைப் பிரிப்பதற்குள் நீதிபதி கேட்பார்: "மெயின்டெய்னபிளா?" மனு நிற்குமா என்பது முதலில், அதில் இருக்கும் நியாயம் அப்புறம். 1948 செப்டம்பர் 16, பாரீஸில் கூடிய ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் முதலியார் செய்ததும் இதையேதான். நம் படை ஹைதராபாத்துக்குள் நுழைந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நிஜாமின் ஆட்கள் புகாரோடு வந்திருந்தார்கள். படை போனது சரியா என்ற வாதத்துக்குள் முதலியார் முதலில் இறங்கவில்லை. ஹைதராபாத் தனி நாடே அல்ல, அப்படியிருக்க இங்கே வந்து புகார் கொடுக்க அதற்கு என்ன உரிமை என்று வாசலிலேயே மறித்தார். புகாரை நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பதை அவரால் தடுக்க முடியவில்லை என்பது உண்மை. ஆனால் மறுநாளே நிஜாம் போர்நிறுத்தம் அறிவித்தார். அந்தப் புகாரின் மேல் ஒரு தீர்மானம்கூட நிறைவேறவில்லை. கோப்பில் குறிப்பெழுதிப் பழகிய கைக்கு இந்த வித்தை வராது. எதிராளி எழுந்து நிற்கும்போதே அவன் வழக்கின் ஓட்டை எது என்று தேடும் கண் வேண்டும்.

அவர் பிரிட்டிஷ்காரன் நியமித்த ஆள் என்பார்கள். 1945இல் ஐ.நா. சாசனத்தை உருவாக்கிய மாநாடு நடந்த சான் பிரான்சிஸ்கோவுக்கே போய், முதலியார் தலைமையில் வந்த குழு இந்தியாவின் குரல் அல்ல என்றார் விஜயலட்சுமி பண்டிட். சொல்லிவிட்டுப் போகட்டும். சுதந்திர இந்தியா ஹைதராபாத் வழக்குக்கு யாரை அனுப்பியது? நேரு அரசு அதே முதலியாரைத்தான் அனுப்பியது. இதற்கு மேல் அந்த வாதத்துக்கு என்ன பதில் வேண்டும்?

இன்றைய நிலைமை என்ன? நூற்று நாற்பது கோடிப் பேரின் நாட்டுக்கு வெளியுறவுப் பணி அதிகாரிகள் ஆயிரம் பேர் அளவில்தான். ஆள் பற்றவில்லை என்று ஆண்டுக்கு ஆண்டு புலம்புகிறோம்; கதவை மட்டும் திறக்க மறுக்கிறோம். நீதிமன்றத்தில் முப்பது வருடம் வாதாடியவர், மூன்று தேர்தல் கண்டவர் எல்லாம் தகுதியற்றவர்கள். இருபத்தைந்து வயதில் ஒரு பரீட்சை எழுதியவர் மட்டுமே ஆயுள் முழுக்கத் தகுதியானவர். இது திறமைக்கு வைத்த அளவுகோல் அல்ல, வேலி.

எம்.பி.க்களை இரண்டு வாரச் சுற்றுப்பயணத்துக்கு அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. தூதர் பதவிகளில் மூன்றில் ஒன்றை வக்கீல்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் ஒதுக்க வேண்டும். நியூயார்க்கில் ஐ.நா. நிரந்தரப் பிரதிநிதி பதவி அடுத்து காலியாகும்போது, முதல் நியமனத்தை அங்கிருந்தே தொடங்கட்டும்.