காரின் அளவும் குடும்பத்தின் அளவும்



அண்மையில் திருக்கழுக்குன்றத்தில் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். வயது முதிர்ந்த தாய், மனைவி, இரு பிள்ளைகள் என ஐவர் அடங்கிய குடும்பம். கார் வாங்குவதைப் பற்றி வாதம் நடந்துகொண்டிருந்தது. “பெரிய செடான்தான் சுகம், கடன் பெற்றாவது வாங்கிவிடலாம்” என்றார் நண்பர். “பெட்ரோலுக்கே சம்பளம் கரைந்துவிடும், சிறியது போதும்” என்றார் அவருடைய துணைவியார். தீர்ப்புக் கூறும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது.

இவ்வழக்குப் புதியதன்று. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது, 796 சி.சி. எஞ்சின் கொண்ட சின்னஞ்சிறு வண்டி. 1985இல் சென்னை ஸ்டாண்டர்டு நிறுவனம், இங்கிலாந்து நாட்டு ரோவர் காரின் உடலமைப்பில், ‘ஸ்டாண்டர்டு 2000’ என்னும் பெரிய காரை வெளியிட்டது. தோற்றம் கம்பீரமானது; விலையோ மிகுதி. பழைய முறை எஞ்சின் எரிபொருளையும் தாராளமாகக் குடித்தது. 1988க்குள் அதன் கதை முடிந்தது. மாருதி 800 மட்டும் 2014 வரை தயாரிக்கப்பட்டது.

காரணம் எளிது. கனமான வண்டியை ஒவ்வொரு முறையும் நின்ற நிலையிலிருந்து கிளப்ப அதிக எரிபொருள் வேண்டும். பிரேக் போடும்போது அந்த ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. ஆகவே கடைத்தெருவிலும் பேருந்து நிலைய நெரிசலிலும் சிறிய காரே சிக்கனம். கடற்கரைச் சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது எடையைவிடக் காற்றின் தடையே பெரிது. அங்கே தாழ்வான செடானுக்கும் சிறிய காருக்கும் உள்ள வேறுபாடு குறைந்துவிடும். நம் நண்பரோ நாள்தோறும் செங்கற்பட்டு அலுவலகத்திற்குத் தனியே சென்று திரும்புபவர்!

சுகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்பாசடர் காரின் முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2,464 மி.மீ. தூரம்; மாருதி 800இல் 2,175 மி.மீ. மட்டுமே. இத்தூரம் நீண்டால் மேடு பள்ளங்களில் வண்டி முன்னும் பின்னும் ஆடுவது குறையும். அம்பாசடரில் நாற்காலியில் அமர்வதுபோல் நிமிர்ந்தும் அமரலாம். முதியோர் அதனை விரும்பியதற்கு அதுவே காரணம். இன்றைய செடான்களிலோ இருக்கை தாழ்ந்துள்ளது.

இதைக் கூறிக்கொண்டே நண்பரின் தாயாரை நோக்கினோம். மூட்டு வலியால் பேருந்துப் படியேற இயலாமல், பல மாதங்களாக ஞாயிறு பூசைக்குக்கூட வராமல் இருப்பவர். அவருடைய விருப்பத்தை அதுவரை எவரும் கேட்கவில்லை. “அம்மாவை அழைத்துச் சென்று இரு வண்டிகளிலும் ஏறி இறங்கச் செய்யுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்” என்றோம்.

அவ்வாறே செய்தனர். செடானிலிருந்து எழ அவருக்கு இருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. கூரை உயர்ந்த சிறிய காரிலோ, கதவைப் பற்றிக்கொண்டு தாமே ஏறி அமர்ந்தாராம். சிறிய காரே வீடு வந்து சேர்ந்தது. பெட்டி படுக்கைகளுடன் ஐவரும் வேளாங்கண்ணிக்குச் செல்லும் நாளில் பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆண்டில் இரு நாள் தேவைக்காக ஆண்டு முழுதும் கடன் சுமப்பானேன்?

மற்றொரு கணக்கும் உண்டு. லிட்டருக்கு 18 கி.மீ. ஓடும் சிறிய காரில் ஒருவர் மட்டும் செல்வதைவிட, 12 கி.மீ. ஓடும் பெரிய காரில் நால்வர் செல்வதே சிக்கனம். சிறிய காரிலேயே நால்வர் சென்றாலோ இன்னும் சிக்கனம். நண்பரிடம் இதையும் கூறினோம். இப்போது அண்டை வீட்டார் இருவர் அவருடன் செங்கற்பட்டு செல்கின்றனர்.

கார் வாங்க எண்ணும் குடும்பங்களே, கடைக்காரரிடம் விலை கேட்குமுன் வீட்டில் உள்ள முதியோரைக் கேளுங்கள்.