ஊமைச் சாட்சிக்கா இவ்வளவு செலவு?



உங்கள் கடையில் கேமரா இருக்கிறதா? இருக்கிறது. எத்தனை? நான்கு என்பீர்கள், எட்டு என்பீர்கள். நல்லது. நேற்று மாலை 5 மணிப் பதிவை எடுத்து, பென்டிரைவில் ஏற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டுங்கள் பார்ப்போம்! இங்கேதான் பேச்சு நின்றுவிடுகிறது. "அதெல்லாம் மாட்டிக் கொடுத்த பையனுக்குத்தான் தெரியும் ஹஜ்ரத்" என்கிறீர்கள்.

அப்படியானால் உங்கள் சுவரில் தொங்குவது கேமரா அல்ல, தாயத்து! தொங்கினாலே காவல் என்று நம்புவதை வேறு எப்படிச் சொல்வது?

நான் கண்ணால் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் கல்வீச்சு நடந்தது. துணிக்கடையில் வேலை பார்த்த ஓர் இளைஞனின் பெயரும் வழக்கில் சேர்க்கப்பட்டது. அந்த நேரத்தில் அவன் கடைக்குள் துணி மடித்துக் கொண்டிருந்தான். கேமரா அதைப் பதிந்திருந்தது. முதலாளியும் கடைத் திரையில் பார்த்துவிட்டார். அவசர அவசரமாகப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு காவல் நிலையம் போனோம். ஃபைல் திறக்கவில்லை.

"பாய், படமே ஓடலையே! இதை வச்சு நான் என்ன செய்ய?" என்றார் அதிகாரி.

கடைக்கு வந்து டி.வி.ஆர். பெட்டியிலேயே அவர் பார்த்திருக்கலாம். வரவில்லை. அது அவர் செய்த அநீதி. நாம் செய்தது என்ன? மாட்டிய ஆளைத் தேடினோம். வெளியூர் போயிருந்தார். பன்னிரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால், ஹார்ட் டிஸ்க் நிறைந்து பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிட்டது. பென்டிரைவில் இருந்ததோ, முழுதாக ஏறுமுன்பே பிடுங்கப்பட்ட அரைகுறை ஃபைல். ஒரு நிமிடப் பொறுமை இல்லாததால் ஒரு நிரபராதி வாரக்கணக்கில் சிறையில் கிடந்தான். கைசேதம்! அவனுடைய உம்மாவுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

ஏன் ஓட மறுக்கிறது?

இது மாயமந்திரம் அல்ல. காரணங்கள் எளியவை.

1. முதலில் ஃபைலின் அளவைப் பாருங்கள். சைபர் என்றோ, அரை மணிப் பதிவுக்குச் சில கே.பி. என்றோ காட்டினால், அது ஏறவே இல்லை. மீண்டும் எடுங்கள். 'முடிந்தது' என்று பெட்டி சொன்ன பிறகே பென்டிரைவைக் கழற்றுங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜி.பி.யைத் தாண்டிய ஒரே ஃபைல் நிற்காது. எனவே சம்பவ நேரத்தைச் சிறு துண்டுகளாக எடுங்கள்.

2. அளவு சரியாக இருந்தும் ஓடவில்லையா? கம்பெனிக்குக் கம்பெனி உறை வேறு. தாகுவா பெட்டிகளின் ஃபைல் டி.ஏ.வி. என்று முடியும். சில பெட்டிகளில் பெயர் எம்.பி.4 என்று இருக்கும், உள்ளே அமைப்பு வேறாக இருக்கும். பெயரை மட்டும் மாற்றினால் உள்ளிருப்பது மாறிவிடுமா? அந்தக் கம்பெனியின் பிளேயரைப் போட்டுப் பாருங்கள். பேக்கப் எடுக்கும்போதே ஏ.வி.ஐ. அல்லது எம்.பி.4 கேட்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு. பிளேயரையும் சேர்த்தே ஏற்றித் தரும் பெட்டிகளும் உண்டு.

3. திரை கறுப்பாகவே நிற்கிறதா? புதிய கேமராக்கள் ஹெச்.265 முறையில் சுருக்கிப் பதிகின்றன. அதை விரிக்கும் கோடெக் பழைய கம்ப்யூட்டரில் இருக்காது. காசில்லாமல் கிடைக்கும் வி.எல்.சி. பிளேயர் பெரும்பாலும் ஓட்டிவிடும்.

4. மூலத்தில் கை வைக்காதீர்கள். எந்தச் சோதனையும் நகலில்தான். பெட்டி 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் பதறிப்போய் 'ஆம்' என்று அழுத்தாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ சுருங்கித் தரம் குறைந்துவிடும். அது செய்திக்கு உதவும், சாட்சிக்கு மூலம்தான் வேண்டும்.

5. பெட்டியின் கடிகாரம் தவறாக ஓடினால், சரியான நேரத்துக்கும் அதற்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்பதை அன்றே எழுதி வையுங்கள்.

ஓடினால் மட்டும் போதுமா?

போதாது. நகலைச் சாட்சியமாகக் கொடுத்தால் சான்றிதழ் கட்டாயம் என்று 2020 ஜூலையில் உச்சநீதிமன்றம் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உறுதி செய்தது. அப்போது அது சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவு. அந்தச் சான்றிதழில் ஃபைலின் 'ஹாஷ்' மதிப்பும் கேட்கப்படுகிறது. அது ஃபைலின் கைரேகை. ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை மாறிவிடும். மூலத்தில் கை வைக்காதீர்கள் என்று நான் கத்துவது இதனால்தான்!

சாத்தான்குளத்தை மறந்துவிட்டீர்களா?

2020 ஜூனில் செல்போன் கடை வைத்திருந்த தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். காவல் நிலையத்தில் கேமரா இல்லையா? இருந்தது. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தது. ஆனால் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக விசாரித்த மாஜிஸ்திரேட் அறிக்கை தந்தார். காவல்துறையின் கேமரா வாய் மூடிக்கொண்டது. பக்கத்துக் கடையின் கேமராவோ பேசியது! முதல் தகவல் அறிக்கை சொன்ன கதை பொய் என்பதை நாடே அதில் பார்த்தது.

அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், அதற்கு வசதி இல்லையென்றாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. 'அன்று கேமரா வேலை செய்யவில்லை' என்று சொல்லப்பட்டால் இந்த உத்தரவைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஆனால் அவர்களைக் கேட்பதற்கு முன் நம் கடைப் பெட்டி வேலை செய்ய வேண்டாமா?

இளைஞர்களே! நள்ளிரவு வரை வீடியோ பார்க்கத் தெரிந்த உங்களுக்கு, ஒரு வீடியோவைக் காப்பாற்றத் தெரியாதா? மஹல்லாவுக்கு இரண்டு பேர் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். கடை கடையாகப் போய்க் கற்றுக்கொடுங்கள். வியாபாரிகளே! மாட்டித் தருபவரிடம் பாஸ்வேர்டையும் பிளேயரையும் வாங்கி, ஒரு பதிவை எடுத்து வேறு கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்!

பதினைந்து நாளுக்கு ஒருமுறை இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிறது. வரும் நாளெல்லாம், படித்து முடித்ததும் எழுந்துபோய் ஒரு நிமிடப் பதிவை எடுத்து ஓட்டிப் பாருங்கள். இன்றே தொடங்குங்கள். அடுத்து யார் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு நிமிடம் தேவைப்படும் என்று உங்களுக்குத் தெரியுமா?