செவியும் பிழைக்க வேண்டும்

குழந்தை முதற்சொற்களைக் கூட்டிப் பேசத் தொடங்கும் பருவமும், ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்னும் கல்லீரல் புற்று வெளிப்படும் பருவமும் ஏறத்தாழ ஒன்றே. குழந்தைகளின் கல்லீரல் புற்றுகளுள் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். பெரும்பாலும் மூன்று வயதுக்குள் வந்துவிடுகிறது. மொழியைப் பற்றி ஓயாது பேசும் நாம் இந்த உடனிகழ்வைக் கவனித்தாக வேண்டும்.

குளிப்பாட்டும்போது குழந்தையின் வயிற்றில் ஏதோ கையில் தட்டுப்படுவதே பல வீடுகளில் முதல் அறிகுறி. குருதியில் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்னும் புரதம் பன்மடங்கு உயர்ந்திருக்கும். பச்சிளங் குழந்தைகளுக்கு அது இயல்பாகவே மிகுந்திருக்குமாதலால், வயதோடு சேர்த்தே அவ்வெண்ணைப் படிக்க வேண்டும். ஸ்கேனும் திசுச் சோதனையும் ஐயத்தைத் தீர்க்கும். பிறகு சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தால் கட்டியைச் சுருக்கி அறுத்தெடுப்பர். எஞ்சிய ஈரல் வளர்ந்துகொள்ளும். அறுக்க இயலாதவிடத்து மாற்று ஈரல் பொருத்துவதுண்டு. இன்று இக்குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைக்கின்றனர்.

ஆனால் சிஸ்பிளாட்டின் உட்செவியின் மயிரணுக்களை அழிக்கிறது. அவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் தொலைவது உச்ச ஒலிகள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தையாயின், பன்மையைச் சுட்டும் சொல்லிறுதி ‘ஸ்’ அதற்கு எட்டாது போகலாம். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கும். ஆகவே எவரும் ஐயுறுவதில்லை.

லண்டன் மருத்துவர் பெனலோப் பிராக் முன்னின்று நடத்திய பன்னாட்டு ஆய்வு 2018இல் வெளிவந்தது. சிஸ்பிளாட்டின் செலுத்தி ஆறு மணி நேரம் கழித்துச் சோடியம் தயோசல்பேட் கொடுத்தனர். (புகைப்பட இருட்டறைகளில் ‘ஹைப்போ’ என்று வழங்கிய அதே வேதிப்பொருள்!) செவித்திறன் குன்றியோர் 63 விழுக்காட்டிலிருந்து 33ஆகக் குறைந்தனர். செவியைக் காக்கும் மருந்து புற்றையும் காத்துவிடுமோ என்ற அச்சம் இருந்தது. பிழைத்தோர் விகிதம் குறையவில்லை. புற்று பிற உறுப்புகளுக்குப் பரவாத குழந்தைகளுக்கென அமெரிக்கா 2022இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. இருட்டறையில் மலிவாய்க் கிடைத்த பொருள், ஒப்புதல் பெற்ற மருந்தாகிக் குப்பிக்குள் புகுந்ததும் எளியோர்க்கு எட்டாத விலைக்குப் போய்விட்டது. இதை நாம் ஏற்பதற்கில்லை.

உயிர் மிஞ்சியதே, காது போனாலென்ன என்பாரும் உளர். மூன்று வயதில் பிழைத்த குழந்தைக்கு முன்னே எழுபதாண்டு உரையாடல் காத்திருப்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். மருந்தின் விலை இறங்கும்வரையேனும், முதல் ஊசிக்கு முன்னும் சிகிச்சை நெடுகிலும் செவிச் சோதனை செய்யுமாறு பெற்றோர் கேட்டுப் பெற வேண்டும். உறங்கும் குழந்தையிடமும் அதைச் செய்ய இயலும்; சில நிமிட வேலை.