பரிசு இருக்கிறது, பாத்தி எங்கே?

சிறந்த தோட்டத்துக்குப் பரிசு, அதிக விளைச்சலுக்குப் பதக்கம் என்று அறிவிப்புகள் வருகின்றன. நல்லது. மண்ணில் பாடுபடுகிறவனைப் பாராட்டுவதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்கிறோம். பந்தயத்தில் ஓடக் காலடியில் நிலம் வேண்டாமா?

தாம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒண்டுக் குடித்தனத்தில் வாழும் ஆலைத் தொழிலாளிக்கு மாடி ஏது? மாடி வீட்டுக்காரருடையது. இரண்டு தொட்டி வைத்துக் கத்தரி நட்டால், "தளம் ஊறுகிறது, எடு" என்பார். 2013-14ல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்கு மானிய விலையில் பையும் விதையும் உரமும் கொடுக்கும் திட்டத்தைத் தமிழக சர்க்கார் கொண்டுவந்தது. பை வந்தது, விதை வந்தது. வைக்க இடம் உள்ளவன் வாங்கினான். இடமில்லாதவன் வேடிக்கை பார்த்தான். போட்டி தொடங்குமுன்பே பாதிப் பேர் தோற்றுவிட்டார்கள்!

வயலிலும் இதே கதைதான். திருந்திய நெல் சாகுபடியில் மாநிலத்திலேயே அதிக விளைச்சல் எடுப்பவருக்குச் சர்க்கார் குடியரசு நாளில் 5 லட்சம் ரூபாயும் பதக்கமும் வழங்குகிறது. மின் கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகளைத் திரட்டிய நாராயணசாமி நாயுடுவின் பெயரால் அமைந்த விருது அது. பொருத்தமான பெயர்தான். பாடுபட்ட விவசாயி அதைப் பெறட்டும். ஆனால் அந்தச் சாகுபடி எப்படி நடக்கிறது? 14 நாள் இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில், சதுரம் பிசகாமல் நட வேண்டும். சேற்றில் குனிந்து அதைச் செய்கிறவர்கள் நம் தாய்மார்கள். களைக்கருவியை உருட்டுகிறவர் கூலித் தொழிலாளி. விளைச்சலை எடை போடுகிறார்கள். அதை விளைவித்த கைகளை யார் எண்ணுகிறார்கள்?

இங்கிலாந்தைப் பாருங்கள். பொது நிலங்களையெல்லாம் நிலப்பிரபுக்கள் வேலி போட்டு வளைத்துக்கொண்டார்கள். ஏழைகள் மேய்ச்சலும் விறகும் இழந்து கூலிகளானார்கள். அவர்களுக்குச் சிறு பாத்திகள் வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தபோது பண்ணைக்காரர்கள் பலர் எதிர்த்தார்கள். சொந்தப் பாத்தி இருந்தால் நம் வயலில் உழைப்பானா என்பது அவர்களுடைய கவலை! எதிர்ப்பை மீறி 1908ல் சட்டம் வந்தது. வாக்காளர் ஆறு பேர் எழுதிக் கேட்டால் உள்ளாட்சி மன்றம் அதைப் பரிசீலித்தாக வேண்டும். தேவை இருந்தால் நிலம் ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு முழுப் பாத்தி சுமார் 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறு சென்ட். அங்கேயும் ஆண்டுதோறும் சிறந்த பாத்திக்குப் போட்டி நடக்கிறது. வாடகைப் பாத்திதான்; இருந்தாலும் ஏழைக்கும் ஒரு பாத்தி உண்டு. அதனால் அந்தப் போட்டிக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது.

நம் மண்ணிலும் இப்படியொரு கதை உண்டு. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891ல் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். 1892ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு பிறந்தது. அதுதான் பஞ்சமி நிலம். பிறருக்கு விற்கக் கூடாதென்று நிபந்தனையும் இருந்தது. நிபந்தனை காகிதத்தில் நின்றது. நிலம் கை மாறிப் போனது. அதை மீட்கக் கோரி 1994 அக்டோபரில் காரணை மக்கள் நடத்திய போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியானார்கள். ஒரு துண்டு நிலம் ஏழைக்கு என்ன விலை என்பதை இதைவிட யார் சொல்ல முடியும்?

"நகரத்தில் நிலம் ஏது?" என்று கேட்பார்கள். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டுமென்று விதி இருக்கிறது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021ல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. இத்தனை ஊர்களிலும் அப்படி ஒதுக்கிய நிலம் எவ்வளவு, அது யார் கையில் இருக்கிறது? கணக்கை மக்கள் முன் வைக்கட்டும். ஏரியைத் தூர்த்துப் பாத்தி கேட்கவில்லை நாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நாம் மறக்கவில்லை.

"ஆறு சென்டில் வயிறு நிறையுமா?" என்றும் சிலர் கேட்பார்கள். நிறையாது. கூலி உயர்வுக்குப் பதிலாகப் பாத்தி என்று எந்த முதலாளியாவது சொன்னால் அதை ஏற்கவும் மாட்டோம். கூலி கூலிதான். ஆனால் பிள்ளையின் தட்டில் தினமும் ஒரு பிடி கீரை விழுவது சின்ன விஷயமல்ல.

எனவே நாம் கேட்பது மூன்று. முதலாவது, ஒதுக்கிய திறந்தவெளியில் ஒரு பகுதியை நிலமற்ற குடும்பங்களுக்குச் சொற்ப வாடகையில் பாத்தியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தண்ணீருக்கும் வழி செய்ய வேண்டும். இரண்டாவது, விளைச்சல் பரிசில் நட்டவருக்கும் களையெடுத்தவருக்கும் பங்கு வேண்டும், மேடையில் இடமும் வேண்டும். மூன்றாவது, அந்த வயலில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கொடுக்கப்பட்டதா என்று பார்த்த பிறகே பரிசு கொடுக்க வேண்டும்.

தோழர்களே! அங்கே ஆறு கையெழுத்துக்கு ஒரு மன்றம் செவி சாய்க்க வேண்டியிருக்கிறது. இங்கே நம் தெருவில் அறுபது கையெழுத்துத் திரட்ட முடியாதா? முதலில் பாத்தி வரட்டும். பிறகு போட்டி வைக்கட்டும். யார் கை வளமான கை என்று பார்த்துவிடுவோம்!