ஒரு பக்கக் கதை

தாவீது கோலியாத்தை வீழ்த்தியதும் நமக்குத் தெரியும், பத்சேபாள் விஷயத்தில் வீழ்ந்ததும் தெரியும். அதே தாவீது, நடக்க முடியாத ஒருவனின் சொத்து முழுவதையும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவனுடைய வேலைக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்த கதை பிரசங்க பீடங்களில் அதிகம் ஏறுவதில்லை. 2 சாமுவேல் புத்தகத்தில் 9, 16, 19 என்று மூன்று அதிகாரங்களில் அது சிதறிக் கிடக்கிறது. 9-ஆம் அதிகாரத்தோடு நிறுத்திக்கொண்டால் கிருபையைப் பற்றி அருமையான பிரசங்கம் ஒன்று கிடைத்துவிடும். பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுகிறோம்.

அதுவரையுள்ள கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யுத்தத்தில் சவுல் ராஜாவும் அவன் மகன் யோனத்தானும் மடிந்த செய்தி வந்தபோது யோனத்தானின் மகன் மேவிபோசேத்துக்கு வயது 5. தாதி தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் பிள்ளை கீழே விழுந்து இரண்டு கால்களும் முடமாயின. பிறகு லோதேபார் என்ற ஊரில் மாகீர் என்பவன் வீட்டில் அண்டி வாழ்ந்தான். யோனத்தானின் நட்பை நினைத்துத் தாவீது அவனைத் தேடி வரவழைத்தான். சவுலின் நிலம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தான். நாள்தோறும் ராஜாவின் பந்தியில் சாப்பிடச் சொன்னான். சவுல் வீட்டு வேலைக்காரன் சீபாவும் அவனுடைய 15 மகன்களும் 20 ஆட்களும் அந்த நிலத்தைப் பயிரிட்டு, விளைச்சலை மேவிபோசேத்தின் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த ஏற்பாட்டை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அப்சலோம் கலகம் செய்கிறான். பெற்ற மகனுக்குப் பயந்து தாவீது எருசலேமை விட்டு வெறுங்காலோடு, தலையை மூடிக்கொண்டு, அழுதபடி ஒலிவமலை ஏறுகிறான். உச்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சீபா எதிரே வந்து நிற்கிறான். சேணம் வைத்த இரண்டு கழுதைகள், 200 அப்பம், வற்றலான திராட்சக்குலை 100, பழங்கள் 100, ஒரு துருத்தி திராட்சரசம். பசித்து வந்த கூட்டத்துக்கு வேறென்ன வேண்டும்?

உன் எஜமான் எங்கே என்று ராஜா கேட்கிறான். எருசலேமிலேயே இருந்துவிட்டான், தன் தாத்தாவின் ராஜ்யம் இன்று தன் கைக்கு வந்துவிடும் என்று காத்திருக்கிறான் என்கிறான் சீபா. அவ்வளவுதான். மேவிபோசேத்துக்கு உரியதெல்லாம் இனி உன்னுடையது என்று தாவீது அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறான்.

நிதானமாக யோசித்தால் அந்தப் புகார் ஒரு நிமிடம்கூட நிற்காது. அப்சலோம் இத்தனை பாடுபட்டது தான் அரசாள்வதற்கு. அவன் சிங்காசனத்தைப் பிடித்து, சவுலின் பேரனைக் கூப்பிட்டு அதில் உட்காரவைப்பானா? இதைக் கேட்க ராஜதந்திரம் வேண்டியதில்லை, சாதாரண புத்தி போதும். தாவீது அதில் குறைந்தவனும் அல்ல. ஆனால் அன்றைக்கு மகன் துரோகம் செய்திருந்தான், நெருங்கிய ஆலோசகன் அகித்தோப்பேல் கட்சி மாறியிருந்தான். இரண்டு அடி வாங்கிய மனசுக்கு மூன்றாவது துரோகக் கதையை நம்புவது மிகச் சுலபம். நாமும் இப்படித்தான். ஒருவன் ஏமாற்றிவிட்ட வாரத்தில், அடுத்தவனைப் பற்றி வருகிற எந்தச் செய்தியும் உண்மையாகவே படுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சீபா கொண்டுவந்த அப்பமும் பழமும் எங்கிருந்து வந்தன? அவன் பயிரிட்டது மேவிபோசேத்தின் நிலம். அதன் விளைச்சல் மேவிபோசேத்தின் வீட்டுக்குச் சேர வேண்டியது. எஜமானின் சோற்றைக் கட்டிக்கொண்டு வந்து எஜமான்மேலேயே கோள் சொல்லியிருக்கிறான். வேதம் இதை நேராகச் சொல்லவில்லை. ஆனால் அந்த நாள்களில் அவன் கையில் வேறு நிலம் இருந்ததாகவும் சொல்லவில்லை.

இதில் வேடிக்கை, அப்சலோம் ஜனங்களை எப்படித் தன் பக்கம் இழுத்தான் என்பதுதான். 15-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். பட்டணவாசலில் நின்றுகொண்டு, வழக்கோடு வருகிறவர்களிடம், உன் நியாயத்தைக் கேட்க ராஜாவிடத்தில் ஆள் இல்லையே என்று உருகினான். அது தந்திரப் பேச்சுதான். அந்தக் குற்றச்சாட்டு ராஜாவை மலைக்கு விரட்டிய அதே நாளில், ராஜா அதை ஒலிவமலைச் சரிவில் மெய்யாக்கிக் காட்டுகிறான்.

கொஞ்ச தூரத்தில் பகூரீம். அங்கே சவுல் வம்சத்தானான சீமேயி தாவீதைத் திட்டி, கல்லெறிந்து, மண்ணைத் தூற்றுகிறான். தாவீதோடு வந்த அபிசாய் அவன் தலையை வாங்கப் புறப்படுகிறான். தாவீது தடுக்கிறான். கர்த்தரே அவனைத் தூஷிக்கச் சொல்லியிருக்கலாம், விட்டுவிடு என்கிறான். எத்தனை பெரிய மனசு! இந்த இடத்தை வைத்துப் பொறுமையைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். ஆனால் சற்று முன்புதான் இதே மனுஷன் கண்முன் இல்லாத ஒருவன்மேல் தீர்ப்பெழுதியிருக்கிறான். தன்மேல் விழுந்த வசையைத் தாங்கத் தெரிந்தவனுக்கு, அடுத்தவன்மேல் விழுந்த வசையை விசாரிக்கத் தோன்றவில்லை.

நம் சபைகளில் முதல் பாடத்தை நன்றாகவே நடத்துகிறோம். மன்னியுங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள், மறுகன்னத்தைக் காட்டுங்கள். இரண்டாவது பாடம் ஞாயிறு பள்ளியிலும் இல்லை, வாலிபர் கூட்டத்திலும் இல்லை. அதனால்தான் ஆராதனை முடிந்ததும் குருமனைக்கு முதலில் போய்ச் சேருகிறவரின் கதையே சேகரக் கமிட்டியில் உண்மையாகிவிடுகிறது. "சும்மா சொல்லலை ஐயா, ஜெபத்துல வச்சுக்குங்கன்னுதான் சொல்றேன்" என்று தொடங்குகிற ஒரு பேச்சு, ஒரு குடும்பத்தின் பெயரைச் சாயங்காலத்துக்குள் தெருவுக்குக் கொண்டுவந்துவிடும். வாட்ஸ்அப் ஆடியோ வந்தபிறகு சாயங்காலம்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. கோள் கோளாக வந்தால் கதவை மூடிவிடுவோம். ஜெபக் குறிப்பாகவும், கையில் ஒரு பலகாரப் பொட்டலத்தோடும் வருகிறபோதுதான் நாற்காலி எடுத்துப் போடுகிறோம்.

தாவீதுக்கு விசாரிக்க வாய்ப்பில்லை, உயிருக்கு ஓடுகிறவன் என்ன செய்வான் என்று கேட்கலாம். ஓடுகிறபோது சரி. ஆனால் 17-ஆம் அதிகாரத்தில் அவன் மகனாயீமுக்கு வந்து தங்குகிறான். மெத்தையும் பாத்திரமும் கோதுமையும் தேனும் எடுத்துக்கொண்டு அங்கே மூன்று பேர் வருகிறார்கள். அவர்களில் ஒருவன் லோதேபாரைச் சேர்ந்த மாகீர். மேவிபோசேத்துக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்திருந்த அதே மாகீர்! அவனுடைய குணத்தை அறிந்தவன் ஒருவன் உண்டென்றால் இவன்தான். இவனும் உணவோடுதான் வந்தான், ஆனால் யாரைப் பற்றியும் கோள் சொன்னதாக இல்லை. அவனை உட்காரவைத்து, அந்தப் பையன் அப்படிச் செய்யக்கூடியவனா என்று தாவீது ஒரு கேள்வி கேட்டதாக எழுதப்படவில்லை. ஒருமுறை தீர்ப்புச் சொல்லிவிட்டால் சாட்சி பக்கத்தில் வந்து நின்றாலும் கண்ணில் படுவதில்லை.

கலகம் அடங்கி ராஜா திரும்பும்போது சீபாதான் மகன்களோடும் ஆட்களோடும் முந்திக்கொண்டு யோர்தானில் இறங்குகிறான். பிறகு மேவிபோசேத் வருகிறான். ராஜா போன நாள் முதல் அவன் கால்களைச் சுத்தம் செய்யவில்லை, தாடியைச் சீர்படுத்தவில்லை, உடுப்பை வெளுக்கவில்லை. இதை அவன் சொல்லிக்கொள்ளவில்லை, கதையை எழுதியவர் தம் வாயால் சொல்கிறார் என்பது முக்கியம். மகுடத்துக்கு ஆசைப்பட்டுக் காத்திருக்கிறவன் அழுக்கு உடையிலா காத்திருப்பான்?

ஏன் என்னோடு வரவில்லை? தாவீது கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கேட்பதற்கு ஒரு யுத்தம் முடிய வேண்டியிருந்தது. மேவிபோசேத்தின் பதில் சிறியது. நான் நடக்க முடியாதவன், கழுதைக்குச் சேணம் வைத்து உம்மோடு வர நினைத்தேன், என் வேலைக்காரன் என்னை மோசம்போக்கி உம்மிடம் என்மேல் பழியும் சொல்லிவிட்டான். தாவீது என்ன செய்திருக்க வேண்டும்? சீபாவும் ராஜாவைச் சந்திக்க வந்தவன்தான். இருவரையும் நேருக்கு நேர் நிறுத்த வேண்டியதுதானே. தாவீதோ, இனி இதைப் பற்றி என்ன பேச்சு, நீயும் சீபாவும் நிலத்தைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று முடித்துவிடுகிறான்.

என்னைக் கேட்டால், ஒலிவமலைத் தீர்ப்பைவிட இதுதான் மோசம். முதலாவது களைப்பில் வந்தது. இது தன் தவறு வெளியே தெரிய வேண்டாம் என்ற சங்கடத்தில் வந்தது. சீபா பொய்யன் என்றால் அவனுக்கு ஒரு பிடி மண் சேரக்கூடாது. மேவிபோசேத் துரோகி என்றால் அவனுக்குச் சேரக்கூடாது. ஆளுக்குப் பாதி என்பது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. ஆனால் நம் பெரியவர்களுக்கு இந்தத் தீர்ப்புதான் ரொம்பப் பிடித்தமானது. "நடந்தது நடந்துபோச்சு, ரெண்டு பேரும் கை குடுங்க" என்று முடித்துவைத்து, அதற்குச் சமாதானம் என்று பெயரும் வைத்து, ஒரு முடிவு ஜெபமும் செய்துவிடுகிறோம். பழி சுமந்தவர் பாதிப் பழியோடு வீட்டுக்குப் போகிறார்.

யூத ரபீக்கள் தாவீதை எளிதில் குறைசொல்லமாட்டார்கள். அவர்களுக்கே இது பொறுக்கவில்லை. நீயும் சீபாவும் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்று தாவீது சொன்னபோதே, ரெகொபெயாமும் யெரொபெயாமும் ராஜ்யத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள் என்று வானத்திலிருந்து ஒரு குரல் கேட்டதாகத் தல்மூத்தில் ரப் என்ற குரு சொல்கிறார்.

மேவிபோசேத்தோ, ராஜா சுகமாக வந்து சேர்ந்ததே போதும், முழுவதையும் அவனே எடுத்துக்கொள்ளட்டும் என்கிறான். தாவீதின் மகன் சாலொமோனின் முன்னால் ஒரு குழந்தைக்காக இரண்டு பெண்கள் நின்றபோதும், முழுவதும் அவளுக்கே போகட்டும் என்று விட்டுக்கொடுத்த குரல்தான் உண்மையான தாயைக் காட்டிக்கொடுத்தது. சாலொமோன் அந்தக் குரலுக்குக் காதுகொடுத்தான். தகப்பன் அதே மாதிரிக் குரலைக் கேட்டும் தீர்ப்பை மாற்றியதாக ஒரு வரி இல்லை. முதலில் பேசுகிறவன் நீதிமானாகத் தெரிவான், மற்றவன் வந்து கேள்வி கேட்கும்வரை என்ற கருத்து நீதிமொழிகள் 18-ஆம் அதிகாரத்தில், சாலொமோனின் பெயர் தாங்கிய தொகுப்பில் இருக்கிறது.

கேட்டு நடந்தவர்களும் வேதத்தில் உண்டு. சோதோமின் கூக்குரல் வந்தபோது, இறங்கிப் போய்ப் பார்த்து அறிவேன் என்று கர்த்தரே ஆபிரகாமிடம் சொல்கிறார். எல்லாம் அறிந்தவர் அப்படிச் சொல்கிறார்! எனக்கு இன்னும் பிடித்தது யோசுவா 22-ஆம் அதிகாரம். யோர்தானுக்கு அக்கரையில் குடியேறிய இரண்டரைக் கோத்திரத்தார் பெரிய பலிபீடம் ஒன்றைக் கட்டிவிட்டார்கள் என்று செய்தி வருகிறது. விசுவாசத்தை விட்டு விலகிவிட்டார்கள் என்று இஸ்ரவேல் சபை முழுவதும் யுத்தத்துக்குச் சீலோவில் கூடுகிறது. ஆனால் பட்டயத்தை உருவுவதற்கு முன்பு ஆசாரியன் பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் அக்கரைக்கு அனுப்புகிறார்கள். போனவர்களும் இனிமையாகப் பேசவில்லை. என்ன துரோகம் இது என்றே தொடங்குகிறார்கள். இருந்தாலும் பதிலைக் கேட்டார்கள். அது பலியிடக் கட்டியதல்ல, நாங்களும் உங்கள் கர்த்தருடைய ஜனம்தான் என்று பிள்ளைகள் தலைமுறைக்குச் சாட்சியாக நிற்கக் கட்டியது என்று தெரிந்தது. யுத்தப் பேச்சு அதோடு போயிற்று.

அந்தப் பேச்சுவார்த்தையின் நடுவில் சட்டென்று கடந்துபோகிற ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் தேசம் தீட்டானது என்று நினைத்தீர்களானால் இக்கரைக்கு வந்துவிடுங்கள், எங்கள் நடுவிலேயே காணி எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள் பினெகாசும் கூட வந்தவர்களும். எதிர்த்தரப்பு இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் தங்கள் பங்கிலிருந்து நிலம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள்.